மரங்கொத்தி அசையாமல் நின்ற படம்

எங்கள் பெண்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஒரு சின்னக் காமிரா வைத்திருக்கிறாள். கையில் பிடித்தபடியே படம் எடுக்கிறாள். முக்காலி வேண்டாம், கறுப்புத் துணி வேண்டாம், அசையாதே என்று யாரையும் மிரட்ட வேண்டாம். போன மாதம் கோவில் வாசலில் புறாக்களை எடுத்து, அந்தப் படத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"பெரியம்மா, நீங்க ஸ்டுடியோவுல வேலை செஞ்சவங்களாமே. இது எப்படி இருக்குது, சொல்லுங்க."

நன்றாக இருக்கிறது என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அந்தக் காலத்தில் நீங்கள் பறவைகளை எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். எடுக்கப் பார்த்தோம் என்று சொல்லிவிட்டேன். அதை எழுதித் தாருங்கள், பள்ளி மலரில் போடுகிறேன் என்று பிடித்துக்கொண்டாள்.

நான் நாலாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதில் ஒரு வசதி, எதிரே யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன்.

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில், வடக்குப் பக்கம் கண்ணாடி பதித்த சரிவுக் கூரையோடு ஒரு ஸ்டுடியோ இருந்தது. தேவசகாயம் மாஸ்டருடையது. என் அப்பா தச்சர், மாஸ்டருக்குப் படச்சட்டம் செய்து கொடுப்பவர். எனக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. அந்தக் கதை இங்கே வேண்டாம். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அப்பா என்னை ஸ்டுடியோவைக் கூட்டித் துடைக்க அனுப்பினார். துடைக்கப் போனவள் தட்டுக் கழுவக் கற்றேன். தட்டு என்றால் கண்ணாடித் தட்டு, அப்போது அதில்தான் படம் விழும். பிறகு இருட்டறையில் மருந்து கலக்கக் கற்றேன். பிறகு பென்சில் வேலை. இத்தனைக்கும் நடுவே நான் உடைத்த தட்டுகளை மாஸ்டர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பென்சில் வேலை என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கழுவிக் காயவைத்த தட்டை, நடுவில் ஓட்டை போட்ட சாய்மேசையில் வைப்போம். கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தை மேலே தள்ளும். தட்டில் எல்லாம் மாறி இருக்கும். கறுப்பு வெளுப்பாக, வெளுப்பு கறுப்பாக. அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழே விழுந்த குழியும் வெறும் கண்ணாடியாகத் தெரியும். உப்புத்தாளில் ஊசிபோல் தீட்டிய பென்சிலால் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால், காகிதத்தில் அச்சடிக்கும்போது தழும்பு மறைந்துவிடும். அழுத்தி வைத்தால் முகம் சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி ஆகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முகத்தையும் பார்க்கலாம், முகம் நம்மைப் பார்க்காது.

படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் பெரும்பாலும் சுரங்கத்து ஆட்கள். குடியாத்தம், ஆம்பூர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள். ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அனுப்பத்தான் படம். சொல்லி வைத்தாற்போல எல்லாரும் ஒரே மாதிரி உட்காருவார்கள். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துப் பத்து விரலையும் அகல விரித்துக்கொள்வார்கள். குழியில் இறங்குகிற பிள்ளைக்கு விரல் எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று ஊரில் எண்ணிப் பார்ப்பார்களாம். மாஸ்டர் தலையை நிமிர்த்துவார், தோளைத் திருப்புவார், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவார். அந்தக் கையை மட்டும் தொடமாட்டார்.

மாஸ்டர் கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை. ஈரத் தட்டை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். "ம்" என்பார். குட்டையாக வந்தால் போதும் என்று அர்த்தம். கொஞ்சம் மேலே தூக்கினால் இன்னொரு தடவை எடுக்க வேண்டும். மூக்கு வழியாக நீண்டு வந்தால், தட்டைச் சுரண்டிக் கழுவ நானே எடுத்து வைத்துவிடுவேன். அவர் நகமெல்லாம் மருந்துக் கறை. சர்ச்சில் இராப்போஜன அப்பத்துக்குக் கை நீட்டும்போதும் அந்த விரல்கள் கறுப்பாகவே இருக்கும்.

பெண்கள் ஸ்டுடியோவுக்கு வரமாட்டார்கள். வந்தாலும் புருஷனுக்குப் பின்னால் பாதி மறைந்து, தலையைக் குனிந்து நிற்பார்கள். படத்தில் வகிடு மட்டும் நன்றாக விழும். எங்களுக்கு அடுத்த வரிசையில் இருந்த மரகதம் அக்கா ஒருநாள் என்னிடம் வந்து, தன்னைப் படம் எடுத்துத் தர வேண்டும் என்றாள். அவள் அம்மா குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். கண்ணில் பூ விழுந்து பார்வை போய்க்கொண்டிருந்தது. கண் முழுக்கப் போவதற்குள் மகள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாளாம். மரகதத்துக்கோ கைக்குழந்தை, வீட்டில் படுத்த மாமியார், ஷிப்ட் மாறி மாறி வரும் புருஷன். ஊருக்குப் போக வழியில்லை.

"மாஸ்டர் எடுப்பாருக்கா, வாங்க" என்றேன்.

"உங்க மாஸ்டரு தங்கமான மனுசன்தான். அதுக்காவ? ஒரு ஆம்பள துணிக்குள்ள தலைய வுட்டுக்கினு என்னியே பாத்துக்கினு இருப்பாரு, நான் பல்லக் காட்டிக்கினு நிக்கணுமா? நீ எடு, நான் வர்றேன்."

"எனக்கு எடுக்கத் தெரியாதுக்கா."

"தெரியாதா, வுடமாட்டாரா?"

காமிரா ஒன்றுதான் இருந்தது. அதை நான் தொட்டுத் துடைத்திருக்கிறேன், தூக்கிப் போயிருக்கிறேன். அதில் ஒரு படமும் எடுத்ததில்லை. ஆனால் மரகதம் கேட்டதை மாஸ்டரிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் அதை மனசில் வைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சுரங்கத்து இன்ஜினீயர் துரை ஒருவரின் சம்சாரம் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் தயார் செய்துகொண்டிருந்தார். துரைசாணி என்றுதான் நாங்கள் சொல்வோம். அவரிடமே ஒரு காமிரா உண்டு. ஆனால் மூட்டுவலி வந்து நடை குறைந்துவிட்டது. சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மாந்தோப்பு, அதில் பாதி பட்டுப்போன ஒரு மரத்தில் மரங்கொத்தி பொந்து வைத்திருந்தது. முதுகு தங்க மஞ்சள், கொண்டை சிவப்பு. அதைப் பொந்து வாசலில் வைத்து ஒரு படம் வேண்டும் என்று மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். படம் சரியாக வந்தால், மழைக்கு முன்னால் சீமைக்குக் கப்பல் ஏறும்போது தன் காமிராவை மாஸ்டருக்கே விட்டுப் போவதாகவும் சொன்னார்.

மாஸ்டர் திரும்பி வந்து முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் காமிரா வந்தா அது உனக்கு, கிருபா. பின்கட்டுல ஒரு ரூம் தடுத்துடலாம். பொம்பளைங்களுக்குப் பொம்பளையே எடுக்கறதா இருந்தா இந்தப் பேட்டையே வரும். உங்க மரகதம் மொதல்ல வரட்டும்."

அன்று ராத்திரி மரகதத்திடம் சொன்னேன். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து என் இரண்டு கன்னத்தையும் கிள்ளினாள்.

தோப்பில் நாங்கள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். காலி டைனமைட் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் முக்காலியை நிறுத்தினோம். பொந்து தலைக்கு மேலே ஒரு கை உயரம். பொந்துக்குக் கீழே உள்ள மரப்பட்டை கூர்மையாகத் தெரியும்படி மாஸ்டர் காமிராவைச் சரிசெய்து வைத்துவிடுவார். காமிராவிலிருந்து ஒரு நீள ரப்பர்க் குழாய். அதன் முனையில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு பந்து. அமுக்கினால் காமிராவின் கண் திறக்கும், விட்டால் மூடும். பத்தடி தள்ளிச் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் உட்காருவார். நான் தட்டுப் பெட்டியை ஈரத்துணி போர்த்தி வைத்துக்கொண்டு பக்கத்தில்.

பெட்டி தூக்கவும் தண்ணீர் கொண்டுவரவும் மரகதத்தின் புருஷன் முனிசாமி அண்ணன் வந்தார். சுரங்கத்தில் டிரில் பிடிப்பவர். மரங்கொத்தி தட்டுகிற சத்தத்தை முதல்நாள் கேட்டதுமே சிரித்தார்.

"மாஸ்டர், இது நம்ம டிபார்ட்மெண்டு. லீவே கெடையாது போலக்கீது."

முதல் தடவை எடுத்ததை அச்சுப் போட்டு மாஸ்டர் பங்களாவுக்குக் கொண்டு போனார். நான் பெட்டியோடு பின்னால் நின்றேன். துரைசாணி தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, அதன் முனையால் படத்தைத் தொட்டுக் காட்டிப் பேசுவார்.

"மரம் நல்லா இருக்கு. ரெண்டு மரம் இருக்கு. பறவை எங்கே?"

உண்மைதான். பறவை தலையை ஆட்டியதில் வெறும் புகையாக விழுந்திருந்தது. மரமும் இரட்டையாகத் தெரிந்தது. கல் இடிக்கிற மில் ராப்பகலாக ஓடும் ஊர் இது. தரை எப்போதும் கொஞ்சம் அதிர்ந்துகொண்டே இருக்கும், எங்கள் காலுக்கு அது தெரியாது, காமிராவுக்குத் தெரியும். ஸ்டுடியோவில் முக்காலிக்கு அடியில் உமி மூட்டை வைத்திருந்தோம். தோப்பில் அதை மறந்துவிட்டோம். மறுநாள் டைனமைட் பெட்டிகளுக்கு அடியில் உமி மூட்டை போட்டோம். மரம் ஒன்றாயிற்று.

அடுத்த தடவை, பறவை கொத்துவதை நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்கிற அந்த நொடிக்காக மாஸ்டர் காத்திருந்து அமுக்கினார். உருவம் விழுந்தது. ஆனால் அச்சில் கண் இருக்கும் இடமே தெரியவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. எத்தனை முகத்துக்குக் கண் திறந்து கொடுத்திருக்கிறேன், இதற்கும் கொடுத்தால் என்ன என்று பென்சிலை எடுத்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டுக் குட்டையாக "ம்" என்றார்.

துரைசாணி பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது காக்கா. என் பறவை தங்கம். இது எல்லாம் கறுப்பு." பிறகு ஊசி முனை நகர்ந்தது. "யார் இந்தக் கண் வெச்சது?"

மாஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் துரைசாணிக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"மை போட்ட கண்! இது மரங்கொத்தி இல்லே. இது உன் அக்கா!"

நான் போட்டது மனுஷக் கண்தான். நீள வாட்டத்தில், ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு, கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதுபோல் போட்டிருந்தேன். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. வரும் வழியில் மாஸ்டர், "இனிமே பறவை மேல பென்சில் வேணாம்" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அவரும் சிரித்துவிட்டார்.

கறுப்புக்குக் காரணம் தட்டு. அந்தக் காலத்துத் தட்டுக்கு மஞ்சளும் சிவப்பும் தெரியாது. இரண்டையும் கறுப்பாகவே வாங்கிக்கொள்ளும். மெட்ராஸிலிருந்து வேறு ஜாதித் தட்டு வரவழைத்தார் மாஸ்டர். அதற்கு மஞ்சள் தெரியும். காமிராவின் கண்ணுக்கு முன்னால் ஒரு மஞ்சள் கண்ணாடியையும் போட வேண்டும். போட்டால் வெளிச்சம் குறையும். கண்ணை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கப் பறவை அசையாமல் இருக்க வேண்டும். மரங்கொத்தியை அசையாமல் இரு என்று யார் சொல்வது?

நாலு நாள் காலை வீணாயிற்று. முனிசாமி அண்ணன்தான் அதைக் கவனித்தார்.

"மாஸ்டர், மேல பருந்து வந்துச்சின்னா பாருங்க. மரத்தோட மரமா ஒட்டிக்கினு நின்னுடுது. தட்டறதும் இல்ல, ஏறறதும் இல்ல."

மாஸ்டர் "ம்" என்றார். அந்த மாதிரி "ம்" அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

முனிசாமி அண்ணனுக்குக் காத்தாடி விடுவதில் பெரிய பேர். பொங்கல் நாளில் அவர் நூலை அறுக்க லைனில் ஆள் கிடையாது. தட்டு சுற்றி வருகிற கறுப்புக் காகிதத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். மூங்கில் ஈர்க்கு வைத்து, இறக்கை விரித்து வால் அகன்ற ஒரு பருந்தை அவர் கட்டினார். தோப்புக்கு மேலே அது எழும்பி ஒருமுறை சாய்ந்ததும், எனக்கே நெஞ்சு பக்கென்றது. பொந்துக்குக் கீழே வாயில் எறும்பு முட்டைகளோடு வந்து ஒட்டிய பெண் பறவை, ஆணி அடித்து வைத்ததுபோல் நின்றது. மாஸ்டர் பந்தை அமுக்கினார். மனசுக்குள் எண்ணி முடித்துப் பந்தை விட்டார். அது அப்படியே நின்றது.

அந்தத் தட்டை நான்தான் இருட்டறையில் கழுவினேன். அடர்சிவப்பு விளக்கு, கை மட்டும் மங்கலாகத் தெரியும். மருந்துக்குள் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தபோது முதலில் மரப்பட்டையின் வெடிப்புகள் வந்தன. பிறகு வால். வாலின் இறகு நுனிகள் மரத்தில் ஊன்றியிருப்பது தனித்தனியாக வந்தது. பிறகு முதுகு, அது மஞ்சள்தான் என்று தட்டே சொன்னது. கடைசியில் கண். பென்சில் இல்லாமல் வந்த கண். நான் மாஸ்டரைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரகதத்தின் முகம் இதுபோல் என் கையில் ஒருநாள் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

துரைசாணி பார்த்ததும் "ஆ" என்றார். ஊசியை உருவவில்லை. அதே காத்தாடியை விட்டு நாங்கள் எடுத்துக் கொடுத்த நாலு படத்தையும் மேசையில் வரிசையாக வைத்தார். மெதுவாக அவர் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

"ஏன் மேலே பாக்குது? இதிலும் மேலே. இதிலும். உடம்பு சப்பை. இது பயந்த பறவை. எனக்கு அது வீட்டிலே இருக்கிற மாதிரி வேணும். தலை கீழே. இன்னொரு தடவை, ப்ளீஸ். வியாழக்கிழமை நான் போறேன்."

காத்தாடியைப் பற்றி மாஸ்டர் வாய் திறக்கவில்லை. வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தார். ஸ்டுடியோ கதவைத் திறக்கும்போது சொன்னார்:

"பருந்து வந்து வந்து போனா அண்ணாந்து பாக்குது. வானத்துலயே நின்னுகிட்டு இருந்தா? பழகிப்போய்த் தலையை இறக்கும். ஆனா அசைய மட்டும் தைரியம் வராது."

அவர் நினைத்தது சரிதான். ஆட்களை உட்காரவைத்துப் பழகினவர் அல்லவா. முதலில் காமிராவைப் பார்த்து முழிப்பவர்கள், கொஞ்ச நேரம் விட்டால் தளர்ந்து தலையை இறக்குவார்கள். அப்போதுதான் அவர் எடுப்பார்.

அப்புறம் காலை முழுக்கக் காத்தாடி மேலேயே நின்றது. முனிசாமி அண்ணன் ராத்திரி ஷிப்டு முடித்து நேரே வந்து நூலைப் பிடிப்பார். தாய் தகப்பன் இரண்டும் தூரத்து மரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எப்போதாவது ஒன்று துணிந்து பறந்து வந்து, பொந்துக்குக் கீழே ஒட்டும், அங்கேயே உறைந்துவிடும். வாயில் இரை இருக்கும். அரை முழம் மேலே பொந்து. ஏறாது.

படம் எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் தினமும் நான் மரத்தில் காதை வைத்துக் கேட்பது வழக்கம். உள்ளே குஞ்சுகள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும், தேன்கூட்டில் காது வைத்ததுபோல. காத்தாடி நிலைத்து நின்ற இரண்டாம் நாள் அந்த இரைச்சல் விட்டு விட்டு வந்தது. மூன்றாம் நாள் ரொம்ப நேரம் காதை வைத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

"மாஸ்டர், உள்ளே சத்தம் கொறஞ்சுபோச்சுங்க."

அவரும் வந்து காதை வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னிக்கு ஒரு காலைதான், கிருபா. நாளைக்கு அவங்க மூட்டை கட்டுறாங்க."

படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். வெயில் ஏறி, மேட்டின் வெள்ளை மண்ணில் பட்டுத் திரும்பி, மரத்தின் நிழல் பக்கத்திலும் வெளிச்சம் வந்தது. அந்த மூன்று வாரத்தில் அவ்வளவு நல்ல வெளிச்சம் கிடைத்ததில்லை. பெண் பறவை வந்து ஒட்டியது. மாஸ்டர் குழாயின் பந்தை எடுத்து, என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தார்.

"உன் ரூமுக்குக் காமிரா கொண்டுவரப் போற படம் இது. நீயே எடு. தலை தாழும்போது அமுக்கு. நான் சொன்னதும் விடு."

ரப்பர் அவர் கைச் சூட்டோடு இருந்தது. நான் எடுக்கப்போகிற முதல் படம். பறவை அண்ணாந்தே இருந்தது. பிறகு கழுத்து கொஞ்சம் தளர்ந்தது. மாஸ்டர் மூச்சு விடுவதை நிறுத்தினார். வாயில் இரையோடு அது நிற்கிறது. பொந்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. இத்தனை பக்கத்தில் தாய் வந்தும் குஞ்சுகள் கத்தவில்லை. தலை இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம். துரைசாணி கேட்டது மாதிரியே.

"அண்ணா, எறக்குங்க! காத்தாடிய எறக்குங்க!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. மாஸ்டர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பறவை பறந்துவிட்டது. முனிசாமி அண்ணன் என்னவோ ஆபத்து என்று நூலை மடமடவென்று சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாம்மா ஆச்சி? பாம்பா?" என்றார். பந்து கையிலேயே இருந்தது. அமுக்கவே இல்லை.

மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்துப் பறவை வந்தது. இந்தத் தடவை கீழே ஒட்டி நிற்காமல் நேரே ஏறி, தலையைப் பொந்துக்குள் விட்டது. வெளியே எடுத்தது. திரும்பவும் விட்டது. மாஸ்டர் எழுந்து காமிராவில் தட்டின் மூடியைப் போட்டார். "தட்டு வீணாகலை" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, வெறுமனே சொன்னாரா, தெரியாது. ஊருக்குள் வந்தபிறகு இன்னொன்றும் சொன்னார்: "அமுக்கியிருந்தா ரொம்ப நல்லா வந்திருக்கும்." அவர் என்னைக் குறைசொன்னது என்றால் அது ஒன்றுதான்.

பங்களாவுக்கு அவர் தனியாகப் போனார். காத்தாடி முதற்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். துரைசாணி சத்தம் போடவில்லையாம். "பாவம்" என்றாராம். எங்களைச் சொன்னாரா, பறவையையா என்று மாஸ்டருக்கே விளங்கவில்லை. பிற்பாடு தெரிந்தது, பெங்களூரில் ஒருவர், பஞ்சு அடைத்த மரங்கொத்தியைக் கட்டையில் கம்பியால் கட்டிவைத்து எடுத்த படம்தான் புத்தகத்துக்குப் போனது. அதில் தலை தாழ்ந்திருந்ததாம். காமிராவும் பெங்களூருக்குப் போயிற்று.

நான் தினமும் தோப்புக்குப் போய்க் காது வைத்தேன். இரைச்சல் திரும்பி வந்தது, ஆனால் முன்போல் இல்லை. பொந்துக்குள் எத்தனை இருந்தன என்று எனக்கு எப்போதுமே தெரியாது. கடைசியில் ஒரே ஒரு தலைதான் வாசலில் எட்டிப் பார்த்தது. ஒரு சாயங்காலம் அது பறந்துபோயிற்று. அடுத்த வருஷம் அந்த மரத்தைச் சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க வெட்டிவிட்டார்கள்.

முனிசாமி அண்ணன் வீட்டில் போய்ச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார், "உன் போட்டாவக் குருவி தின்னுட்ச்சி" என்று. மரகதம் இடுப்பில் குழந்தையோடு வந்து என் எதிரே நின்றாள்.

"ஏண்டி, என்னிய வுட ஒரு குருவி பெருசாப் பூட்ச்சா உனுக்கு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அது தாங்கவில்லை.

"அய்ய, அழாத. சும்மா சொன்னேன். எங்கம்மாளுக்கு என் மூஞ்சி தெரியாதா இன்னா? பெத்தவதான."

மாஸ்டர் அந்த ரூமைப் பற்றி அப்புறமும் சில தடவை பேசினார். ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஒரு வருஷம் காய்ச்சல் வந்து பேட்டையே காலியாகக் கிடந்தது. பிறகு அவருக்கே பார்வை மங்கியது. நான் சாய்மேசையிலேயே கடைசிவரை வேலை பார்த்தேன். எத்தனையோ ஆண்பிள்ளைகளின் முகங்களைச் சீராக்கி அனுப்பியிருக்கிறேன். பேட்டைப் பெண்களின் முகங்கள் எங்கும் இல்லை. குஞ்சுகளுக்காகக் கத்தினதைத் தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அதற்காகச் சந்தோஷப்படவும் என்னால் முடிந்ததில்லை.

மரகதத்தின் அம்மாவுக்கு அந்த வருஷமே பார்வை போய்விட்டது. மரகதம் மூன்றாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். மூத்தவள், அன்று இடுப்பில் இருந்த குழந்தை, இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். போன வருஷம் என்னைத் தேடி வந்தாள்.

"அத்தை, உங்க ஸ்டுடியோவுல எங்கம்மா படம் ஒண்ணாவது கெடக்குமா? யார் கூடவாவது, ஓரமா நின்னதா இருந்தாலும் பரவால்ல."

ஸ்டுடியோவே இல்லை. பழைய தட்டுகளையெல்லாம் சுரண்டி ஜன்னல் கண்ணாடியாகப் போட்டுவிட்டார்கள். இல்லைம்மா என்றேன். அவள் போகவில்லை. சரி, வாயால் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். உயரம் சொன்னேன், நடை சொன்னேன், சிரித்தால் மேல்வரிசைப் பல்லில் தெரியும் இடைவெளியைச் சொன்னேன், கோபம் வந்தால் கூடவே சிரிப்பும் வந்துவிடும் என்றேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நைனா சொல்லும், கன்னத்துல ஒரு மச்சம் இருக்கும்னு. எந்தக் கன்னம் அத்தை?"

நான் வாயைத் திறந்தேன். முப்பது வருஷம் நான் முகங்களைப் பார்த்தது தட்டின் மருந்துப் பக்கத்திலிருந்து. அங்கே வலது இடதாக இருக்கும், இடது வலதாக இருக்கும். மரகதத்தை நான் தட்டில் பார்த்ததே இல்லை, நேரில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நினைக்க நினைக்க அந்த மச்சம் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போய் வந்தது. கையை என் வலது கன்னத்தில் வைத்தேன். பிறகு இடது கன்னத்துக்கு மாற்றினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியலைம்மா" என்றேன்.

அவள் எழுந்து, தன் கன்னம் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.